ஃபயர் அலாரம் லூப்பில் ஷார்ட்: ஐசொலேட்டரை எங்கே வைப்பது, எப்படிச் சோதிப்பது

அட்ரஸபிள் பேனலில் (ஒவ்வொரு டிடெக்டரையும் தனி எண்ணால் அடையாளம் காணும் ஃபயர் அலாரம் பேனல்) லூப் என்பது ஒரே ஒரு இரண்டு கோர் கேபிள். பேனலில் கிளம்பி, டிடெக்டர்களை வரிசையாகத் தொட்டுவிட்டுப் பேனலுக்கே திரும்பி வரும். நடுவில் ஒயர் அறுந்தால் பெரிய கவலையில்லை, பேனல் இரண்டு பக்கமிருந்தும் பேசிக்கொள்ளும். ஷார்ட் அப்படியில்லை. பிளஸ்ஸும் மைனஸும் ஓரிடத்தில் ஒட்டினால் லூப் முழுக்க வோல்டேஜ் விழுந்து எல்லா டிடெக்டரும் ஊமையாகிவிடும். ஃபால்ஸ் சீலிங்கில் அடித்த ஒரு ஸ்க்ரூ போதும், ஒரு எலி போதும்.

ஐசொலேட்டர் இதற்குத்தான். ஷார்ட்டுக்கு இருபுறமும் உள்ள இரண்டு ஐசொலேட்டரும் திறந்துகொண்டு, அதாவது இணைப்பைத் துண்டித்து, நடுத்துண்டை மட்டும் கழற்றிவிடும்.

1. எத்தனை, எங்கே

நான்கு தளம், தளத்துக்கு 24 டிடெக்டர், ஒரே லூப் என்று வைத்துக்கொள்வோம். பேனலை விட்டு வெளியேறும் இடத்தில் ஒன்று, தளத்துக்கும் தளத்துக்கும் நடுவே மூன்று, பேனலுக்குத் திரும்பும் இடத்தில் ஒன்று. மொத்தம் 5. பேனலுக்குள்ளேயே ஐசொலேட்டர் இருந்தால் 3 போதும். ஒரே பழுதில் 32-க்கு மேல் டிடெக்டர் போகக்கூடாது என்பது ஃபயர் அலாரம் பேனலுக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 54-2 வகுத்த எல்லை. 24 அதற்குள் அடங்கும். ஆனால் டேட்டாஷீட்டையும் பாருங்கள். இரண்டு ஐசொலேட்டருக்கு நடுவே 20 டிடெக்டர்தான் என்று சில மாடலில் போட்டிருக்கும். அதற்கு மேல் போனால், ஷார்ட் சரியான பிறகு மீண்டும் இணையும்போது பாயும் கரண்டையே ஷார்ட் என்று எண்ணி ஐசொலேட்டர் திரும்பத் திறக்கும். அப்படியானால் ஒவ்வொரு தளத்தின் நடுவிலும் இன்னொன்று போட்டு 9 ஆக்குங்கள்.

தனி மாட்யூலாக வாங்கினால் ஷாஃப்டில் (தளங்களுக்கு நடுவே கேபிள் ஏறும் குழி) கை எட்டும் உயரத்தில் வையுங்கள். சீலிங்குக்கு மேலே வைத்தால் எரியும் மஞ்சள் எல்இடி யார் கண்ணிலும் படாது. பட்ஜெட் இடம் கொடுத்தால் ஐசொலேட்டர் உள்ளேயே இருக்கும் டிடெக்டர்தான் என் தேர்வு.

2. கேபிள்

டிடெக்டர் மாட்டும் முன்பே 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) போடுங்கள். மாட்டிய பிறகு போட்டால் எலக்ட்ரானிக்ஸ் போய்விடும். 1.5 சதுர மி.மீ. செம்பில் ஒரு கோருக்கு கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். 600 மீட்டர் லூப்பில் ஒவ்வொரு கோரும் 7 ஓம் சுற்றி வரணும். ஒன்று 7, இன்னொன்று 11 என்றால் எங்கோ ஒரு ஜாயின்ட் லூஸ்.

3. இன், அவுட்: பெரும்பாலும் தவறுவது இங்கேதான்

வருகிற ஒயர் இன் டெர்மினலில், போகிற ஒயர் அவுட் டெர்மினலில். அவசரத்தில் இரண்டையும் முறுக்கி ஒரே ஸ்க்ரூவில் கடித்துவிடுவார்கள். பேனல் நார்மல் என்றே காட்டும், எல்லா டிடெக்டரும் பதில் சொல்லும். உண்மையில் அந்த ஐசொலேட்டருக்கு ஜம்பர் போட்டாகிவிட்டது. ஷார்ட் வருகிற நாளில்தான் தெரியும். எந்தக் கோரை அது வெட்டுகிறது என்பதும் மாடலுக்கு மாடல் மாறும்: சிலதில் பிளஸ், சிலதில் மைனஸ். டயகிராம் பார்க்காமல் கை வைக்காதீர்கள். கிளை ஒயர் இழுத்தே ஆகணும் என்றால், கிளை பிரியும் இடத்தில் தனி ஐசொலேட்டர்.

4. வேண்டுமென்றே ஷார்ட் பண்ணுங்கள்

முதலில் ஹூட்டர் (அலாரம் ஒலிப்பான்), லிஃப்ட் ரிலேக்களை டிசேபிள் செய்யுங்கள். ஒரு டிடெக்டர் பேஸில் பிளஸ், மைனஸை ஓர் அடி ஒயரால் இணையுங்கள். பேனலில் அந்தத் துண்டின் 24 மட்டும் காணாமல் போகணும். 48 போனால், இரண்டு துண்டுக்கும் நடுவே உள்ள ஐசொலேட்டரின் மூடியைக் கழற்றி, படி 3-ல் சொன்ன தவறு இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துத் தளத்தில் டெஸ்ட் ஸ்மோக் அடித்து, அது இன்னும் ஃபயர் கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒயரை எடுங்கள். நான்கு துண்டிலும் இதையே செய்யணும். மெயின் சப்ளையை நிறுத்தி, பேட்டரியில் ஒருமுறை கூட.

பின்னர் சேர்த்தது: போகும் கேபிளையும் திரும்பும் கேபிளையும் ஒரே பைப்பில் விட்டால் ஒரே ஆணி இரண்டையும் குத்தும். அதற்கு அப்பால் உள்ளது எல்லாம் போச்சு, ஐசொலேட்டர் எத்தனை இருந்தாலும். திரும்பும் கேபிளுக்கு வேறு ஷாஃப்ட் எடுங்கள். கேபிளின் ஷீல்டுக்கு (கோர்களைச் சுற்றிய உலோக உறை) எர்த் பேனல் முனையில் மட்டும். ஒவ்வொரு பேஸிலும் ஷீல்டைத் தொடர்ந்து இணைத்து, மேலே ஸ்லீவ் போடுங்கள்.