குன்னூருக்குக் கிளம்புகிறீர்களா? ஒரு ஸ்டீல் பாட்டில், ஒரு மஞ்சப்பை

நீலகிரி மலையில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பது பலருக்கும் சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொல்லும்போதுதான் தெரிகிறது. வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்து வாருங்கள், அங்கங்கே தண்ணீர் ஏடிஎம் இருக்கிறது, நிரப்பிக்கொள்ளலாம். சொந்த வண்டியில் வருபவர்கள் இ-பாஸையும் முதல் நாளே எடுத்துவிடுங்கள், 2024 மே மாதத்திலிருந்து கேட்கிறார்கள்.

அப்புறம் மார்க்கெட். வர்க்கி வாங்காமல் யாரும் இறங்குவதில்லை, 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டம் அது, ஆனால் அடுக்கடுக்காக இருப்பதால் கேரட், பீட்ரூட்டோடு ஒரே மஞ்சப்பையில் போட்டால் வீடு போய்ச் சேரும்போது தூள்தான் மிஞ்சும். ஒரு டப்பா கொண்டு போய் அதில் வாங்குங்கள், டப்பாவைப் பையில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.

பிளாஸ்டிக் வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் ஊருக்குள் ஓடும் குன்னூர் ஆறு. அகலம் குறைவு, கரையை ஒட்டியே கட்டடங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு கவரும் நாலு பாட்டிலும் பாலத்தடியில் சிக்கினால் போதும், தண்ணீர் கடைத்தெருவுக்குள் ஏறிவிடும், சிக்காமல் போனால் நேராகப் பவானிக்கு. ஊர்க்காரர்களே ஆற்றில் இறங்கிக் குப்பை அள்ளியிருக்கிறார்கள், பார்க்கவே மனசு கேட்காது.

அந்த மாதங்களில் வருகிறீர்கள் என்றால் கிளம்பும் முன் மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியார் பக்கம் மண்சரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள், இருந்தால் கோத்தகிரி வழி. மலை ரயிலையும் அந்த நாட்களில் ரத்து செய்வார்கள், அதை நம்பித் திரும்பும் டிக்கெட் போடாதீர்கள்.