தயிர்ச்சட்டியும் ஸ்குவாட்டும்: ஜிம்முக்கு முன்னும் பின்னும் நாம் விடும் பிழைகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் வீட்டில் சோறும் இறால் கறியும். சட்டியில் கொஞ்சம் எருமைத் தயிர் மிச்சமிருந்தது; கித்துள் பாணி விட்டு அதையும் முடித்தேன். இரண்டு மணிக்குச் சாப்பாடு, மூன்று மணிக்கு ஜிம். பெல்ட்டை இறுக்கி, மூச்சைப் பிடித்து, தோளில் 90 கிலோ பாரோடு (எடைத் தட்டுகள் மாட்டிய இரும்புத் தண்டு) குந்தினேன்; இதைத்தான் ஸ்குவாட் என்கிறோம். எழும்பும்போது கித்துள் பாணி தொண்டை வரை வந்துவிட்டது. பாரை வைத்துவிட்டு நான் வெளியே ஓடியதைப் பெடியன்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அன்று சாப்பிட்டதில் எதுவும் கெட்ட சாப்பாடு அல்ல. பாரம் தூக்குகிற ஒருவருக்கு இறாலும் தயிரும் தேவையானவைதான். பிழை நேரத்தில். ஸ்ட்ரெச்சிங்கிலும் இதே கதைதான். மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் ஜிம்முக்குப் போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், ஆனால் பலரும் பிறகு செய்ய வேண்டியதை முன்னுக்குச் செய்கிறார்கள், முன்னுக்குச் செய்ய வேண்டியதைச் செய்வதே இல்லை.

தூக்க முன் பத்து நிமிட இழுவை

நான் முதலில் சேர்ந்த இடத்தில், வந்தவுடன் எல்லோரும் தரையில் இருந்து, காலை நீட்டி, பெருவிரலைப் பிடித்தபடி இரண்டு நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். பிறகு தொடை, பிறகு தோள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்திலிருந்தே பழகியது என்பதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. அது முடிந்ததும் நேரே பாரத்துக்குப் போவோம்.

இதை ஆய்வுகள் நன்றாகவே அளந்திருக்கின்றன. ஒரு தசையை 60 விநாடி அல்லது அதற்கு மேல் அசையாமல் இழுத்துப் பிடித்துவிட்டு உடனே பாரம் தூக்கினால், பலம் சராசரியாக 4, 5 சதவீதம் குறைகிறது. 100 கிலோ தூக்குகிறவருக்கு அது 4, 5 கிலோ. அரை நிமிடத்துக்குள் நிறுத்திக்கொண்டால் குறைவது 1 சதவீதமளவில்தான். நீண்ட இழுவைக்குப் பிறகு நரம்பு வழியாகத் தசைக்குப் போகும் கட்டளை சற்று மந்தமாகிறது. தசையும் தசைநாணும் தளர்ந்துவிடுவதால் விசை எலும்புக்குப் போய்ச்சேரவும் தாமதமாகிறது. தொய்ந்த கயிற்றால் தோணியைக் கரைக்கு இழுப்பது போலத்தான்: முதலில் தொய்வு எடுபட வேண்டும், பிறகுதான் தோணி அசையும்.

அப்படியென்றால் எதுவும் செய்யாமல் பாரைத் தூக்குவதா? அது இன்னும் பெரிய பிழை. உடம்பைச் சூடாக்குவது வேறு, தசையை இழுப்பது வேறு. ஐந்து நிமிடம் கயிறடியுங்கள் அல்லது வேகமாக நடங்கள், மேல் லேசாக வியர்க்கட்டும். பிறகு அசைந்துகொண்டே செய்கிற நீட்டல்கள்: காலை முன்னும் பின்னும் வீசுவது, கையைச் சுழற்றுவது, எடையில்லாமல் பத்துத் தரம் குந்தி எழும்புவது. அதன் பிறகு வெறும் பார். நம் ஜிம்களில் அதிகம் அவமதிக்கப்படுகிற பொருள் அந்த வெறும் 20 கிலோ பார்தான். அதைப் பிடித்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற வெட்கம். 80 கிலோவில் ஸ்குவாட் செய்யப் போகிறீர்கள் என்றால், 20 கிலோவில் பத்துத் தரம், 40 இல் ஐந்து, 60 இல் மூன்று, 70 இல் ஒன்று, பிறகு 80. இது பத்து நிமிட வேலை. அந்தப் பெருவிரல் இழுவைக்கும் அவ்வளவு நேரம்தான் போனது.

ஒரு விலக்கு உண்டு. கணுக்காலோ தோளோ இறுகிக் கிடந்து, ஸ்னாட்ச்சில் பாரைத் தலைக்கு மேல் பிடித்தபடி குந்தவே ஏலாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அந்த ஒரு இடத்தை மட்டும் 20 விநாடி போல இழுத்துவிட்டு, பிறகு மேலே சொன்னபடி சூடாக்கினால் பாதிப்பு அநேகமாக இல்லாமலே போய்விடும். பாரத்துக்கு முந்திய கடைசி வேலையாக இழுவை வரக்கூடாது, அவ்வளவுதான்.

குந்துவது என்றதும் ஞாபகம் வருகிறது. வாவிக்கரையில் வலை பொத்துகிற ஐயாமாரைப் பாருங்கள். குதிக்கால் நிலத்தில் படிய, அரை மணித்தியாலம் அப்படியே குந்தியிருந்து கதைப்பார்கள். அவர்களின் பேரன் ஜிம்முக்கு வந்து குதிக்காலுக்குக் கீழே தட்டு வைத்துத்தான் ஸ்குவாட் செய்கிறான். கதிரை, மோட்டார் சைக்கிள், கொமட் என்று நாம் குந்துவதை விட்டுவிட்டோம். இதற்கு மருந்து ஜிம்மில் பாரத்துக்கு முந்திய ஐந்து நிமிடத்தில் இல்லை. இரவில் தொலைக்காட்சி பார்க்கும்போது குந்தியிருங்கள். பயிற்சி முடிந்த பிறகோ ஓய்வு நாளிலோ ஒவ்வொரு தசையையும் 30 முதல் 60 விநாடி, இரண்டு மூன்று தரம் இழுங்கள். நீண்ட இழுவைக்கு உரிய நேரம் அதுதான். முழு ஆழத்துக்கு இறங்கிச் செய்கிற ஸ்குவாட்டும், இடுப்பில் குனிந்து பாரை இறக்கி, முழுவதும் நீட்டிச் செய்கிற ரோமேனியன் டெட்லிஃப்ட்டும்கூட உடம்பை நெகிழ வைக்கும். அரைவாசிக்கு மட்டும் இறங்கிவிட்டு மூட்டு இறுக்கம் என்று முறைப்பாடு சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

உளைவுக்கு இழுவை மருந்தா?

கால் பயிற்சி செய்த மறுநாள் கோயில் படி இறங்கப் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். "நேற்று நீ ஸ்ட்ரெச் பண்ணல்ல மச்சான், அதான்" என்று ஒருவர் சொல்வார். "லக்டிக் அமிலம் தேங்கிட்டு" என்று இன்னொருவர். இரண்டும் சரியில்லை. லக்டிக் அமிலத்தின் மிச்சம் பயிற்சி முடிந்து ஒரு மணித்தியாலம் அளவில் வெளியேறிவிடும். உளைவோ ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்கு வருகிறது. பழகாத பாரம் தசை நார்களில் ஏற்படுத்தும் நுண்ணிய சேதமும் அதைச் சீர்செய்யும் அழற்சியும்தான் காரணம். 2011 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு (பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுவது) இந்தக் கேள்வியை நேரடியாகவே எடுத்துப் பார்த்தது. முன்னுக்கு இழுத்தாலும் பின்னுக்கு இழுத்தாலும் உளைவு குறைவது 100 புள்ளி அளவுகோலில் ஒன்றிரண்டு, மிஞ்சினால் நாலு புள்ளி. அதற்காக மினக்கெடத் தேவையில்லை. நடந்தாலும் நீந்தினாலும் கொஞ்சம் இலேசாகும்.

உளைவு வேறு, நோ வேறு. டெட்லிஃப்ட்டில் இடுப்புப் பிடித்துவிட்டது என்று குனிந்து குனிந்து இழுப்பதும், தொடையில் 'சுருக்' என்று தைத்த இடத்தைத் துள்ளித் துள்ளி இழுப்பதும் ஆபத்தான பழக்கங்கள். கிழிந்த துணியை இழுத்தா தைப்பார்கள்? நோ காலுக்கு இறங்கினாலோ, கால் விறைத்தாலோ எண்ணெய் தேய்த்துக் கொண்டிருக்காமல் வைத்தியரிடம் போங்கள்.

சாப்பாட்டில் நேரம் பிந்துவதும் முந்துவதும்

கொழுப்பும் நாரும் வயிற்றில் நின்று போகும். எருமைத் தயிரில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 7 கிராம் கொழுப்பு இருக்கிறது. தேங்காய்ப்பூ நிறையப் போட்ட புட்டும் அப்படித்தான், தேங்காய்ப்பாலில் காய்ச்சிய கறியும் அப்படித்தான். பாரம் தூக்கும்போது மூச்சைப் பிடித்து வயிற்றை இறுக்குகிறோம், பெல்ட் வேறு. உள்ளே இருப்பதற்கு மேல்வழிதான் மிச்சம். ஆகவே வயிறு நிறைந்த சாப்பாட்டுக்கும் முதல் பாரத்துக்கும் நடுவே மூன்று மணித்தியாலம் விடுங்கள்.

இதன் மறுபக்கம், வேலைக்குப் போகிறவர்களின் பிழை. பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டது, ஆறு மணிக்கு ஜிம், நடுவில் வெறும் பிளேன்டீ. மூன்றாவது செட்டில் (சுற்றில்) கை நடுங்கும். பாரம் கூடிவிட்டது என்று நினைப்பார்கள். ஐந்து மணிக்கு இரண்டு கதலிப்பழம், அல்லது இரண்டு துண்டுப் பாணும் ஜாமும், அல்லது மூன்று நாலு இடியப்பம் கொஞ்சச் சொதியோடு போதும். இலகுவாகச் செரிக்கிற மாச்சத்துத்தான் அந்த நேரத்துக்குத் தேவை. ரோல்ஸ், பராட்டா, அவித்த கடலை எல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்துக்கு ஆகாது. கடலை சத்தானதுதான், ஆனால் குந்தும்போது பக்கத்தில் நிற்பவர்களையும் நினைக்க வேண்டும்.

விடியற்காலை ஐந்தரைக்குத் தூக்குகிறவர்கள் வெறும் வயிற்றில் வருவதில் பெரிய குற்றம் இல்லை, முதல்நாள் இரவு ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால். தலை சுற்றுகிற ஆளென்றால் ஒரு வாழைப்பழம். முடிந்ததும் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் அந்த "30 நிமிட" பயம்: பயிற்சி முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் புரதம் உள்ளே போகாவிட்டால் பலனில்லை என்பது. கடைசி செட் முடிந்ததும் பாரைக் கழற்றக்கூட நில்லாமல் புரதப் பவுடர் ஷேக்கரைக் குலுக்குகிறவர்களைப் பார்க்கிறேன். 2013 இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நாள் முழுக்கச் சாப்பிடுகிற புரதத்தின் அளவைக் கணக்கில் எடுத்ததும் அந்த உடனடி நேரத்தின் பலன் மறைந்துவிட்டது. கணக்குப் பார்க்க வேண்டியது நாளைத்தான். தசை வளர, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் அளவு போதும். 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். பெரிய எண்ணாகத் தெரியும். நம் ஊர்ச் சாப்பாட்டில் எண்ணிப் பாருங்கள்: காலையில் இரண்டு முட்டை 12, பகல் 150 கிராம் மீன் 30, ஒரு கோப்பை பருப்பு 18, இரவு அதே அளவு கோழி அல்லது மீன் 30, ஒரு கிண்ணம் தயிர் 9, நாள் முழுக்கச் சோற்றிலும் புட்டிலும் ஒரு 15. கிட்டத்தட்ட வந்துவிட்டது. பவுடர் வாங்குவது வசதிக்கு; ஒரு கரண்டியில் இருப்பது ஏறக்குறைய நாலு முட்டையின் புரதம். ஆனால் பலர் இதை ஒரே நேரத்தில் குவிக்கிறார்கள்: காலையில் பாணும் சம்பலும், பகலில் சோறும் மரக்கறியும், இரவில் ஒரு முழுக்கோழி. நாலு வேளைக்குப் பிரித்து, வேளைக்கு 25, 30 கிராம் வைத்தால் உடம்பு நன்றாகப் பயன்படுத்தும். வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் பருப்பு, பயறு, சோயா மீற், தயிர் என்று கூட்டிக்கொள்ளலாம். கச்சானில் (நிலக்கடலையில்) புரதம் இருக்கிறது, ஆனால் எடையில் பாதி கொழுப்பு, கொறிக்கும்போது கணக்குத் தெரியாது.

கச்சான் என்றால் நமக்கு நிலக்கடலையும்தான், சூடான வறண்ட காற்றும்தான். அந்தக் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வேறொரு பிழை. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு இழந்தோம் என்றே தெரியாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் போயிருக்கிறது, அதைவிடக் கொஞ்சம் கூடவே குடியுங்கள். இளநீர் நல்லது, ஆனால் அதில் பொட்டாசியம்தான் நிறைய. வியர்வையில் போகிற உப்பு அதில் குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடித்தால் சரி.

காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது நண்பர்கள் நோன்பு மாதத்தில் என்னிடம் கேட்பது எப்போது தூக்குவது என்றுதான். அஸருக்குப் (பின்னேரத் தொழுகைக்குப்) பிறகு கடும் பாரம் வேண்டாம், தண்ணீர் இல்லாமல் அது வெறும் வதை. நோன்பு திறந்தவுடனே சமோசாவும் ரோல்ஸும் தின்றுவிட்டுப் போவதும் என் தயிர்ச்சட்டிக் கதையாகவே முடியும். பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பை நோன்புக் கஞ்சியோடு திறந்து, தராவீஹ் (இரவுத் தொழுகை) முடிந்த பிறகு தூக்குங்கள். பெரிய சாப்பாடு அதற்குப் பின். சஹரில் (விடியமுன் சாப்பாட்டில்) முட்டையோ மீனோ கட்டாயம் இருக்கட்டும்.

இரவு தூக்குகிற எல்லோருக்கும் இன்னொன்று. ஏழு மணிக்கு எனர்ஜி ட்ரிங்க் குடித்தால் அதில் இருக்கும் கஃபீனில் பாதி, பலருக்கு நள்ளிரவு வரை இரத்தத்தில் நிற்கும். தசை வளர்வதற்கு நித்திரை வேண்டும். நான் இப்போது ஐந்து மணிக்கு ஒரு பிளேன்டீயோடு நிறுத்திவிடுகிறேன். எட்டரைக்கு வீட்டுக்கு வந்தால் புட்டும் மீன் குழம்பும் மூடி வைத்திருக்கும். அதற்குப் பிறகு தயிர். சட்டியின் அடி தெரியும் வரை.