பழைய மாருதி 800-ல் முன்பக்க ஆர்ம் புஷ் மாற்றுவது எப்படி?

ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது முன்னால் 'டொக்' என்று கேட்கிறதா? பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? ஷாக் அப்சார்பருக்குக் காசு செலவழிக்கும் முன் லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்கள். சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கீழ்க் கைதான் லோயர் ஆர்ம்; அதன் உள்முனையில் இருக்கும், நடுவில் இரும்புக் குழாய் வைத்த ரப்பர் உருளைதான் புஷ். ஆர்ம் பாடியோடு சேரும் இடத்தில் நீளமான லிவரைக் கொடுத்து நெம்புங்கள். ரப்பர் வெடித்திருந்தாலோ, நடு இரும்புக் குழாய் ஒதுங்கியிருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

குளச்சல், முட்டம் என்று கடலோரத்தில் ஓடும் வண்டியா? முந்தின நாளே போல்ட்டுகளில் துரு இளக்கும் ஆயில் அடித்து வையுங்கள். உப்புக் காற்றில் போல்ட் புஷ் குழாயோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வீல் நட்டுகளை லேசாகத் தளர்த்திவிட்டு ஜாக்கியில் தூக்குங்கள். உடனே ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது.

சக்கரத்தைக் கழற்றியதும் ஸ்டெபிலைசர் பார் (இரண்டு பக்க ஆர்மையும் இணைக்கும் வளைந்த கம்பி) முனையின் நட்டு, பால் ஜாயின்ட் (ஆர்மின் வெளிமுனையில் உள்ள உருண்டை மூட்டு) போல்ட், உள்பக்க ஆர்ம் போல்ட் என்று கழற்றுங்கள். பாரின் பிராக்கெட்டைத் தளர்த்தினால் ஆர்ம் சிரமமில்லாமல் வரும். வாஷர்கள் இருந்த வரிசையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய புஷ் எந்தப் பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று குறித்துவிட்டு, பெஞ்ச் வைஸில் வைத்து சாக்கெட்டால் தள்ளுங்கள். அசையாவிட்டால் பிரஸ் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். கேஸ் வைத்து எரிக்க வேண்டாம். புதியதை ஏற்றச் சோப்புத் தண்ணீர் போதும். பெட்ரோலோ ஆயிலோ பட்டால் ரப்பர் உப்பிவிடும் என்பது குலசேகரம் பக்கத்து ரப்பர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனிதான் முக்கியமான இடம். ஆர்மை மாட்டும்போது உள்பக்க போல்ட்டை முறுக்கிவிடாதீர்கள், கையால் மட்டும் ஏற்றுங்கள். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால் புஷ்ஷின் நடுக் குழாய் அந்தக் கோணத்திலேயே இறுகிவிடும். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுகியே நிற்கும், சீக்கிரமே கிழியும். புது புஷ் சில மாதத்தில் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், 'டூப்ளிகேட் சாமான்' என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். ஆகவே ஸ்டாண்டை எடுக்காமல், ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, வண்டி ஸ்டாண்டிலிருந்து எழும்பப் பார்க்கும் வரை உயர்த்துங்கள். அந்த நிலையில் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) முறுக்குங்கள். நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னைப் பழையதைப் போடாமல் புதிதாகவே போடுங்கள்.

அடுத்த வேலை வீல் அலைன்மென்ட். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ அன்றே பார்த்துவிடுங்கள். கொஞ்ச நாள் ஓட்டியபின் எல்லா நட்டையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துச் சரிபாருங்கள்.