பாப்பாவ தரையில விடுங்க: குப்புற போட்டு பழக்குறது எப்படி?

எங்க பையன் பொறந்து மூணு மாசம் வரைக்கும் தரையவே தொட்டதில்லைங்க. ஒண்ணு தூளி, இல்லன்னா யாராச்சும் ஒருத்தர் தோளு, ராத்திரியானா கட்டில். சேலம் அம்மாப்பேட்டையில எங்க வீட்ட சுத்தி பூரா தறி ஓடும், அந்த சத்தத்துலயும் புள்ள அசையாம தூங்குற மாதிரி தூளி ஆட்ட என் மாமியாருக்கு தெரியும், அப்புறம் எதுக்கு தரை? குறைமாசத்துல பொறந்தவன்ங்கிறதால செக்கப்புல டாக்டர் பிசியோகிட்ட ஒரு தடவ காட்டிருங்கன்னு அனுப்பினாங்க. அந்தம்மா இவன பாயில போட்டுட்டு கைய கட்டிக்கிட்டு பத்து நிமிஷம் சும்மா பாத்துட்டே இருந்தாங்க. இதுக்கா பீஸுன்னு நெனச்சேன், பொய் சொல்லல.

பாக்குறதுதான் டெஸ்டேன்னு அப்புறம்தான் சொன்னாங்க. கனடாவுல பைப்பர், டாரான்னு ரெண்டு பேர் 1994ல புத்தகமா கொண்டு வந்த ஆல்பர்ட்டா ஸ்கேல்னு ஒண்ணு இருக்காம், மொத்தம் 58 அசைவு, குழந்தைய ரொம்ப தொடாமலே கவனிச்சு மார்க் போடுவாங்க. மல்லாக்க படுத்திருக்கிறப்ப பாக்குறது 9, குப்புற படுத்திருக்கிறப்ப பாக்குறது 21. எதுல வேலை ஜாஸ்தின்னு அதுலயே தெரிஞ்சு போச்சு. அன்னைக்கு கத்துக்கிட்டதையும் அதுக்கப்புறம் ஒரு வருஷம் வீட்ல செஞ்சு பாத்ததையும்தான் இங்க வரிசையா எழுதுறேன். ஆபரேஷன் ஆன குழந்தை, மூச்சுத் திணறல் உள்ள குழந்தைன்னா டாக்டர கேக்காம இதுல எதையும் ஆரம்பிக்காதீங்க.

1. மொதல்ல வயச சரியா கணக்கு போடுங்க

40 வாரத்துக்கு எத்தன வாரம் முன்னாடி பொறந்துச்சோ அத வயசுல இருந்து கழிக்கணும். எங்காளு 33 வாரத்துல வந்தவன், 7 வாரம் கழிக்கணும். வீட்ல எல்லாரும் "மூணு மாசம் ஆச்சு, இன்னும் தல நிக்கலையே"ன்னு பொலம்பிட்டு இருந்தாங்க, கணக்கு போட்டா 13ல 7 போக 6 வாரக் குழந்தை, அவனுக்கு எப்பிடி தல நிக்கும்? ரெண்டு வயசு வரைக்கும் இந்தக் கணக்குலதான் பாக்கணும். பாதி பயம் இதுலயே போயிரும்.

2. தூங்குறது மல்லாக்க, முழிச்சிருக்கிறப்ப குப்புற

இத மட்டும் மாத்திராதீங்க. அமெரிக்காவுல 1994ல குழந்தைகள மல்லாக்கதான் தூங்க வைக்கணும்னு பெருசா பிரச்சாரம் பண்ணாங்க, அதுக்கப்புறம் தூக்கத்துல காரணமே தெரியாம இறந்து போற குழந்தைங்க எண்ணிக்கை அங்க பாதியளவு கொறஞ்சுச்சு. ஆனா குப்புற கிடக்கிற நேரமும் சேர்ந்து கொறஞ்சு போச்சு, அத பகல்ல நாமதான் ஈடு கட்டணும். புள்ள முழிச்சிருக்கணும், பக்கத்துல பெரியவங்க ஒருத்தர் கண்ணெடுக்காம இருக்கணும். நடுவுல தூங்கிட்டா மெதுவா மல்லாக்க திருப்பி விட்டுருங்க.

3. இடம்

கோரப்பாய் போதும். மேல ஒரு காட்டன் சீலைய சுருக்கமில்லாம விரிங்க, தலகாணி வேண்டாம், மெத்தை வேண்டவே வேண்டாம், மெத்தையில கை ஊனுனா உள்ள போகுது, புள்ளைக்கு பிடிமானமே இல்ல. சித்திரையில சேலத்து வெயிலுக்கு தரையே சொகமா இருக்கும், மார்கழியில ஏற்காட்டுல எங்க அக்கா வீட்டுக்கு போனப்ப தரை ஐஸு, அடியில ஜமுக்காளத்த மடிச்சு போட்டுத்தான் விட்டோம். பால் குடிச்ச உடனே போட்டா கக்கிரும், அரமணி நேரமாச்சும் விடுங்க.

4. முதல் வாரம் தரையே வேண்டாம், உங்க நெஞ்சு போதும்

நீங்க சாஞ்சு உக்காந்துக்கிட்டு புள்ளைய உங்க நெஞ்சு மேல குப்புற போடுங்க. உங்க மூஞ்சிய பாக்கவே தலைய தூக்கும், ரெண்டு செகண்ட் தூக்கிட்டு பொத்துன்னு போடும், அதுதான் எக்ஸர்சைஸ். மூணுல இருந்து அஞ்சு நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ. ஒரு நிமிஷத்துலயே அழுதா அந்த ஒரு நிமிஷமும் கணக்குதான். இன்னும் நகர ஆரம்பிக்காத குழந்தைக்கு நாள் முழுக்க பிரிச்சு பிரிச்சு மொத்தம் அரமணி நேரமாச்சும் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லியிருக்கு, ஒரே மூச்சுல அரமணி நேரம் போட்டு அழ விடுறதுன்னு என் நாத்தனார் புரிஞ்சுக்கிட்டாங்க, அப்பிடி இல்லைங்க.

5. பாயில போடுறது

துண்ட சுருட்டி நெஞ்சுக்கு அடியில, அக்குளுக்கு கீழ வைங்க. ரெண்டு கையும் துண்டுக்கு முன்னாடி வரணும், முழங்கை தோளுக்கு நேர் கீழ ஊனியிருக்கணும். கை பின்னாடி போயிருச்சுன்னா புள்ள ஏரோப்ளேன் மாதிரி மெதந்துட்டு கத்தும், நிறைய பேர் தப்பு பண்றது இங்கதான். அப்புறம் நீங்களும் எதுத்தாப்ல குப்புற படுங்க. மேல நின்னுக்கிட்டு கூப்பிட்டா அதுக்கு உங்க காலுதான் தெரியும்.

பொம்மைக்கு காசு செலவு பண்ணாதீங்க. சேலத்துக்காரங்க வீட்ல கொலுசுக்கா பஞ்சம்? என் பழைய கொலுசத்தான் எடுத்தேன், கண்ணுக்கு நேரா ஆட்டி, மெதுவா இடது பக்கம், அப்புறம் வலது பக்கம். முத்து உதிர்ற கொலுசா இருந்தா வாயில போயிரும், கையிலயே பிடிச்சுக்குங்க, புள்ளகிட்ட குடுக்காதீங்க. எங்காளு எப்பவும் வலது பக்கமே பாப்பான், அதனால இடது பக்கம் ஜாஸ்தி ஆட்டச் சொன்னாங்க. சுத்தமா ஒரு பக்கம் திரும்பவே இல்லன்னா கழுத்து தசை இறுக்கமா இருக்கலாம், அத வீட்டு வைத்தியம் பாக்காம காட்டிருங்க.

இப்பிடியே போனா ஒரு நாள் உள்ளங்கைய ஊனி நெஞ்சையும் தூக்கி தலைய ஆட்டும். பிள்ளைத்தமிழ்ல அஞ்சாம் மாசத்துக்கு செங்கீரைப் பருவம்னு வச்சிருக்காங்கள்ல, கைய ஊனி தல நிமுந்து ஆடுறது, அச்சு அசலா இதுதான். ஸ்கூல்ல மார்க்குக்கு மனப்பாடம் பண்ணப்ப எனக்கு புரியவே இல்ல.

6. உருள்றது, உக்கார்றது

ஒருக்களிச்சு படுக்க வச்சு முதுகுக்கு துண்டு குடுங்க, முன்னாடி கொலுசு. உருள பாத்தா கைய பிடிச்சு இழுக்காதீங்க, இடுப்புல லேசா ஒரு தள்ளு போதும். குப்புற விழுந்த அன்னைக்கு எங்க வீட்ல கொழுக்கட்டை செஞ்சாங்க, அடுத்த நாளே கட்டில்ல இருந்து உருண்டு விழுந்துட்டான், நல்லவேளை கீழ பாய். அன்னையில இருந்து கட்டில்ல தனியா விடுறதே இல்ல.

மத்ததுக்கு அவசரப்படாதீங்க. டெல்லி குழந்தைகளையும் சேத்து அஞ்சு நாட்டுல உலக சுகாதார நிறுவனம் பாத்த கணக்கு 2006ல வந்துச்சு, பிடிக்காம உக்கார்றது 3.8ல இருந்து 9.2 மாசத்துக்குள்ள, தானா நடக்குறது 8.2ல இருந்து 17.6 மாசத்துக்குள்ள. எவ்வளவு பெரிய இடைவெளி பாருங்க. 4 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல குழந்தைங்க முட்டி போட்டு தவழவே இல்லையாம். எதுத்த வீட்டு புள்ளையோட ஒப்பிட்டு சண்டை போடுறவங்களுக்கு இத காட்டுங்க.

7. வாக்கர் வேண்டாம்

உக்கார வச்சு சக்கரத்துல ஓடுமே, அந்த பிளாஸ்டிக் வாக்கர். கனடாவுல 2004லயே விக்கக்கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க, படியில உருண்டு மண்டையில அடிபட்ட குழந்தைங்க அவ்வளவு பேர். நடை சீக்கிரம் வரும்ங்கிறதும் பொய். பழைய மர நடைவண்டி வேற விஷயம், தானா எந்திரிச்சு நிக்கிற குழந்தை தன் வெயிட்ட தானே தாங்கித்தான் அத தள்ளணும், அதனால எங்க வீட்ல அது இருந்துச்சு.

ஒரு மாசக் குழந்தைய தூக்கி நிறுத்துனா கால மாத்தி மாத்தி வைக்கும், "பாரு நடக்குறான்"னு பாட்டிமாருங்க சொல்லுவாங்க. ரெண்டு மாசத்துல அது மறைஞ்சிரும். மூளை வளர்றதாலதான் மறையுதுன்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தாங்க, எஸ்தர் தெலன்ங்கிற ஆராய்ச்சிக்காரம்மாவோட குழு 1984ல குழந்தைய நெஞ்சளவு தண்ணியில பிடிச்சு பாத்திருக்காங்க, கால் வெயிட் கொறஞ்ச உடனே அந்த நடை ஜாஸ்தியாயிருச்சு. கால்ல சின்ன வெயிட் கட்டுனா கொறஞ்சிருச்சு. அப்ப கால்ல கொழுப்பு ஏறுற வேகத்துக்கு பலம் ஏறல, அவ்வளவுதான். அந்த பலத்த வாக்கர் தராதுங்க, பாய்தான் தரும். நடக்க ஆரம்பிச்ச குழந்தைங்க விளையாடுறப்ப மணிக்கு சராசரியா 2,368 அடி வச்சு 17 தடவ விழுறதா கேரன் அடால்ஃப் குழு 2012ல எண்ணி வச்சிருக்கு. விழட்டும், விடுங்க.

8. எப்ப காட்டணும்

கழிச்ச வயசுல சொல்றேன். 4 மாசத்துலயும் தல நிக்கல, கை எப்பவும் மூடியே இருக்கு, உடம்பு விறைச்சோ துவண்டோ கிடக்கு, 9 மாசம் தாண்டியும் உக்காரல, ஒரு வயசுக்குள்ளயே ஒரு கைய மட்டும்தான் பயன்படுத்துது, 18 மாசத்துலயும் நடக்கல, இல்ல ஏற்கனவே செஞ்சத நிறுத்திருச்சு. இதுல எது இருந்தாலும் காத்திருக்காதீங்க. கவர்மென்ட்ல குழந்தைங்கள செக்கப் பண்ணி பாக்குற ஆர்பிஎஸ்கேன்னு ஒரு திட்டம் இருக்கு, அங்கன்வாடியில கேட்டா எங்க போகணும்னு சொல்லுவாங்க, காசு கிடையாது.

போறதுக்கு முன்னாடி வீட்ல பாயில கிடக்கிறப்ப போன்ல ரெண்டு நிமிஷம் வீடியோ எடுத்துக்குங்க, குப்புற ஒண்ணு, மல்லாக்க ஒண்ணு, உடுப்பு கழட்டி. இன்னொரு தடவ போனப்ப எங்காளு அங்க முழுசா தூங்கிட்டான், அந்த வீடியோவ வச்சுத்தான் அன்னைக்கு பாத்தாங்க.