ஐரோப்பிய ஒன்றியத்தின் வாசலில் நிற்கும் நாடுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஆணையம் நல்ல அறிக்கை எழுதிவிட்டால் இடம் உறுதி என்று எண்ணிக்கொள்வதுதான், ஒன்றியத்தில் சேர விண்ணப்பித்த நாடுகள் செய்யும் தவறுகளில் முதன்மையானது. ஆணையம் பரிந்துரைக்க மட்டுமே முடியும். பேச்சுவார்த்தையைத் தொடங்குவது, துறைவாரியாகப் பிரித்த அதன் 35 அத்தியாயங்களைத் திறந்து மூடுவது, இறுதியில் சேர்த்துக்கொள்வது என ஒவ்வொரு கட்டத்திலும் 27 உறுப்பு நாடுகளும் ஒருமனதாக ஒப்ப வேண்டும். ஒரு நாடு மறுத்தாலும் கோப்பு நகராது.

இதை வட மாசிடோனியா அளவுக்குப் பட்டுணர்ந்த நாடு வேறில்லை. 2005 இல் வேட்பாளர் தகுதி பெற்ற அந்நாட்டை, மாசிடோனியா என்ற பெயர் தங்கள் வரலாற்றுக்கு உரியது என்று கூறி அண்டை நாடான கிரேக்கம் பல்லாண்டுகள் தடுத்து வைத்தது. 2018 இல் கிரேக்கத்துடன் பிரெஸ்பா ஒப்பந்தம் கையெழுத்தாகி, மறு ஆண்டு நாட்டின் பெயரே மாறியது. தலைநகர் ஸ்கோப்யேயின் விமான நிலையத்தின் பெயரிலிருந்து மாவீரன் அலெக்சாண்டர் அதற்கு முன்பே நீக்கப்பட்டிருந்தார். கார்களின் எண் பலகையில் 'எம்கே' என்பது 'என்எம்கே' ஆனது. மக்கள் கடவுச்சீட்டுகளையும் மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் பிறகு, 2019 அக்டோபரில் பேச்சுவார்த்தையைத் தொடங்க பிரான்ஸ் மறுத்தது. 2020 நவம்பரில் மொழியையும் வரலாற்றையும் முன்வைத்து பல்கேரியா மறித்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கிய கதைதான்.

பெயரையே விட்டுக்கொடுத்த நாட்டைக் குறை கூறுவது நியாயமா என்று கேட்கலாம். என் பார்வையில், பிழை விட்டுக்கொடுத்ததில் இல்லை, அதை மக்களிடம் முன்வைத்த விதத்தில் இருக்கிறது. 2018 பொதுவாக்கெடுப்பின் கேள்வியே, ஒப்பந்தத்தை ஏற்று ஒன்றியத்திலும் நேட்டோவிலும் சேர்வதை ஆதரிக்கிறீர்களா என்றுதான் அமைந்திருந்தது. நேட்டோவில் 2020 இல் இடம் கிடைத்தது. ஒன்றியம் கைக்கு எட்டவில்லை. பின்னர் பல்கேரியர்களை அரசியலமைப்பில் குறிப்பிட வேண்டும் என்ற அடுத்த நிபந்தனை வந்தபோது, அதற்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு ஆதரவை நாடாளுமன்றத்தில் திரட்ட முடியவில்லை. பிறர் கையில் இருக்கும் முடிவை எந்த அரசும் தன் வாக்குறுதியாக விற்கக் கூடாது.

சட்டம் இயற்றியதும் சீர்திருத்தம் முடிந்தது என்று கருதுவது இரண்டாவது தவறு. 2025 ஜூலையில், ஊழலை விசாரிக்கும் இரு அமைப்புகளின் தன்னாட்சியைக் குறைக்கும் சட்டத்தை உக்ரைன் நிறைவேற்றியது. போர்க்காலத்திலும் மக்கள் வீதியில் இறங்கினர், ஒன்றியமும் கண்டித்தது, பத்து நாட்களுக்குள் தன்னாட்சி மீட்டளிக்கப்பட்டது. பல ஆண்டுகளாகக் கட்டிய நம்பிக்கையை ஒரே நாள் வாக்கெடுப்பு அசைத்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வெளியுறவுக் கொள்கையில் ஒன்றியத்தோடு ஒத்துப்போவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் ஆகாது. ரஷ்யா மீதான ஒன்றியத்தின் தடைகளில் சேர மறுத்த செர்பியா அதற்கான விலையைக் கொடுத்துவருகிறது.

சொந்த மக்கள் எப்படியும் ஆதரிப்பார்கள் என்று நம்பியிருப்பதும் ஆபத்தானது. நார்வேயின் அரசு பேச்சுவார்த்தையை முடித்து வந்த பிறகு, 1972, 1994 ஆகிய இரு பொதுவாக்கெடுப்புகளிலும் மக்கள் வேண்டாம் என்றனர். மால்டோவாவில் 2024 அக்டோபரில் ஒன்றிய இலக்கை அரசியலமைப்பில் சேர்ப்பதற்கு ஆதரவாக 50.35 விழுக்காடு வாக்குகளே விழுந்தன. வித்தியாசம் ஏறத்தாழ 10,500 வாக்குகள். உள்நாட்டில் பதிவானவற்றை மட்டும் எண்ணியிருந்தால் அது தோற்றிருக்கும். வெளிநாடுகளில் பிழைக்கப் போனவர்களின் வாக்குகளே அதைக் கரைசேர்த்தன.