சொட்டுநீர் மானியம் முதல் உழவர் சந்தை வரை: காய்கறி விவசாயத்தைத் தொடங்குவோருக்கான செய்முறை விளக்கம்

தமிழ்நாட்டில் ஓரிரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம் வைத்திருப்பவர் காய்கறிச் சாகுபடியில் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறவும், விளைச்சலை உழவர் சந்தையில் தாமே விற்கவும் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். புதிய சாகுபடி முறை, அரசு மானியம், நேரடி விற்பனை ஆகிய மூன்றையும் பலர் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலவே அணுகுகிறார்கள். மானியம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் குழாயைப் போட்டுவிட்டு, காய் பறிக்கும் நாளில்தான் அதை எங்கே விற்பது என்று யோசிக்கிறார்கள். சந்தையை முதலில் பார்த்து, நிலத்தின் ஒரு சிறு பகுதியில் பயிரிட்டுப் பார்த்து, அதன் பிறகு மானியத்துக்கு விண்ணப்பிப்பதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து.

முதல் படி: விற்கப்போகும் இடத்தைப் பாருங்கள்

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கப்பட்டது. இடைத்தரகர் இல்லாமல் விவசாயியும் நுகர்வோரும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். கடைக்கு வாடகை கிடையாது, கமிஷன் கிடையாது, தராசும் சந்தையிலேயே தரப்படுகிறது. ஒவ்வொரு நாளும் காலையில் மொத்த விற்பனை விலையை விசாரித்து, அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் வெளிச்சந்தையின் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் விலை நிர்ணயிக்கப்பட்டுப் பலகையில் எழுதப்படுகிறது.

உங்களுக்கு அருகிலுள்ள சந்தைக்குச் சில நாட்கள் விடியற்காலையில் போய், எந்தக் காய் முதலில் தீர்கிறது, எது வெயில் ஏறிய பிறகும் கிடக்கிறது, கீரைக்கட்டு எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பனவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் தக்காளி வைத்திருக்கும் சந்தையில் பதினோராவது ஆளாக அமர்வதைவிட, கொத்தவரையும் அவரையும் பல வகைக் கீரையும் கொண்டு போவது புதியவருக்கு நல்லது. வீட்டில் யார் தினமும் காலையில் அங்கே உட்கார முடியும் என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். அதற்கு ஆள் இல்லாத வீட்டில் எவ்வளவு நல்ல விளைச்சல் வந்தாலும் நேரடி விற்பனை நிலைக்காது.

இரண்டாம் படி: மண்ணையும் நீரையும் சோதியுங்கள்

வயலில் வளைந்து வளைந்து நடந்து பத்து இடங்களில் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் குழி வெட்டி, மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக மண்ணைச் சுரண்டி எடுத்து, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளை மட்டும் வைத்துக்கொள்ளும் கால் பங்கீட்டு முறையில் அரைக் கிலோவாகக் குறைத்து ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். எருக்குழி, வரப்பு, மர நிழல் ஆகிய இடங்களில் எடுக்கக் கூடாது. கிணற்று நீரையும் ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுங்கள். நீரில் உப்பும் சுண்ணாம்பும் மிகுதியாக இருந்தால் குழாயிலிருந்து நீரைச் சொட்டுச் சொட்டாக விடும் சொட்டுவான்கள் விரைவில் அடைத்துக்கொள்ளும் என்பதால், எந்த வடிகட்டி வேண்டும், எப்போது அமிலம் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும் என்பன இந்த முடிவைப் பொறுத்தே அமையும்.

மூன்றாம் படி: பத்து சென்ட்டில் செய்து பாருங்கள்

எந்தப் புதிய முறையும் அதைப் பரிந்துரைப்பவரின் கணக்குப்படி வயலில் நடப்பதில்லை. திருந்திய நெல் சாகுபடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மடகாஸ்கரில் 1980-களில் உருவாகித் தமிழ்நாட்டுக்கு வந்த அந்த முறையில், பதினான்கு நாள் நாற்றை ஒற்றை நாற்றாகச் சதுர இடைவெளியில் நட்டு, கோனோ களைக்கருவியை ஓட்டி, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்ட வேண்டும். ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதையே போதும் என்பது பெரிய ஆதாயம். ஆனால் நீர் விடுவதும் வடிப்பதும் தன் கையில் இல்லாத கால்வாய்ப் பாசன விவசாயிக்கு அந்தச் சிறிய நாற்றைக் காப்பாற்றுவது கடினம். அதனால் சில கூறுகளை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டவர்கள் உண்டு. அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. தம் நிலத்துக்குப் பொருந்துவதை அவர்கள் தெரிந்தெடுத்தார்கள்.

அதே உரிமை உங்களுக்கும் உண்டு. முதலில், சொட்டுநீர்ப் பாசனத்தைச் சில ஆண்டுகளாக நடத்திவரும் ஒரு வயலுக்குப் போய், எலியும் அணிலும் குழாயைக் கடிக்கின்றனவா, வடிகட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுகிறார்கள், பழுது பார்க்க ஆள் வருகிறாரா என்று கேளுங்கள். மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையத்தில் செயல்விளக்கத் திடல்களைப் பார்க்கலாம். நாட்டின் முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இன்று பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கிறது. அட்மா எனப்படும் வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமைத் திட்டத்தின் கீழ் விவசாயிகளைப் பிற ஊர் வயல்களுக்கு அழைத்துச் செல்லும் கண்டுணர்வுப் பயணங்களுக்கும் பெயர் கொடுத்து வைக்கலாம். பிறகு பத்து சென்ட் நிலத்தில், நீங்கள் விற்க நினைக்கும் காயையே பயிரிட்டு, விதை, கூலி, உரம், மோட்டார் ஓடிய நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

நான்காம் படி: ஆவணங்களும் மானியமும்

சோதனைப் பயிர் வளரும் காலத்திலேயே ஆவண வேலையைத் தொடங்கிவிட வேண்டும். பெரும்பாலானோருக்கு அதிக நாட்கள் இதில்தான் போகின்றன. கணினிச் சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம், வட்டாட்சியர் வழங்கும் சிறு குறு விவசாயி சான்று ஆகியவை தேவைப்படும். அரசு வழங்கும் விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணை இதுவரை வாங்காதவர்கள் அதையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டா இறந்துபோன தந்தையின் பெயரிலோ, அண்ணன் தம்பிகளின் கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால், விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். வாரிசுச் சான்று பெற்றுப் பட்டாவை மாற்றுவதற்கோ, உட்பிரிவு செய்வதற்கோ இ-சேவை மையத்தில் முதலில் விண்ணப்பியுங்கள். குத்தகைக்கு உழுபவர்கள் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பெரும்பாலான மானியங்களைப் பெற முடிவதில்லை. உண்மையில் உழைப்பவரைத் திட்டத்துக்கு வெளியே நிறுத்தும் இந்தக் குறை எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வாய்மொழிக் குத்தகையில் இருப்பவர்கள் முடிந்தவரை நில உரிமையாளரிடம் பேசி, ஒப்பந்தத்தை எழுத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் வழங்கப்படுகிறது. இரண்டரை ஏக்கர் வரை உள்ளவர் குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை உள்ளவர் சிறு விவசாயி. காய்கறிப் பயிருக்கு வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ, 2018-இல் வெளியான உழவன் செயலி வழியாகவோ பதிவு செய்யலாம். முழு மானியம் என்றாலும் அரசு நிர்ணயித்த அலகு விலை வரைதான் முழுமையும் கிடைக்கும். நெருக்கமான இடைவெளியாலோ கூடுதல் வால்வுகளாலோ செலவு அதைத் தாண்டினால் மிச்சத்தை நீங்களே கொடுக்க வேண்டும்; ஆகவே மதிப்பீட்டை வரிவரியாகப் படித்துப் பாருங்கள். நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. பக்கத்து ஊர்களில் பழுது பார்க்க உடனே வருபவர்கள் யார் என்று விசாரித்துத் தேர்ந்தெடுங்கள். பணி ஆணை வருவதற்கு முன் வேலையைத் தொடங்கக் கூடாது. பணி முடிந்ததாகக் கையெழுத்துப் போடும் முன் மோட்டாரை ஓட்டி, வயலின் கடைசி மூலையில் உள்ள சொட்டுவானிலும் முதல் சொட்டுவானிலும் ஒரே அளவு நீர் விழுகிறதா என்று ஒரு டம்ளரை வைத்துப் பிடித்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: குழாயைப் பராமரியுங்கள்

திறந்த கிணறு அல்லது குட்டை நீருக்குப் பாசியைப் பிடிக்கும் மணல் வடிகட்டி அவசியம். ஆழ்துளைக் கிணற்று நீருக்குச் சல்லடை அல்லது தட்டு வடிகட்டி போதும், மணல் வந்தால் அதற்குரிய பிரிப்பானும் வேண்டும். பக்கவாட்டுக் குழாய்களின் கடைசி மூடிகளை அவ்வப்போது திறந்து அழுக்கை வெளியேற்றுங்கள். நீரில் கரையும் உரத்தை மட்டுமே, உரக் கரைசலை உறிஞ்சிப் பாசன நீரில் கலக்கும் வெஞ்சுரி என்ற கருவி வழியாக விடலாம். சூப்பர் பாஸ்பேட்டை அடியுரமாக மண்ணில் இட்டுவிட வேண்டும். உரம் விடுவதற்கு முன்னும் பின்னும் சிறிது நேரம் வெறும் நீர் ஓடட்டும்.

ஆறாம் படி: அடையாள அட்டை பெற்று விற்பனையைத் தொடங்குங்கள்

உழவர் சந்தை அலுவலகத்தில் நில ஆவணங்களும் புகைப்படமும் கொடுத்து விண்ணப்பித்தால், அலுவலர்கள் வயலில் பயிரைப் பார்த்த பிறகு அடையாள அட்டை வழங்குவார்கள். அந்த அட்டை உங்கள் சொந்த விளைச்சலை விற்பதற்கானது. பிறரிடம் வாங்கி விற்றால் ரத்தாகும். சந்தையின் பெயரைக் காப்பாற்ற அந்த விதி தேவை என்றே நான் கருதுகிறேன்.

விற்பவர் ஒருநாள் சந்தைக்கு வந்து ஒரு வாரம் காணாமல் போனால் வாடிக்கை சேராது. ஆகவே முழு நிலத்திலும் ஒரே நாளில் விதைக்காமல், பத்துப் பத்து சென்ட்டாகப் பிரித்து இடைவெளி விட்டு விதையுங்கள். வெண்டை நாற்பத்தைந்து நாளில் காய்க்கத் தொடங்கும், ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். கத்தரி நட்ட இரண்டு மாதத்தில் வரும். கீரை இருபத்தைந்து நாளில் தயார். இந்த மூன்றையும் கலந்து வைத்தாலே கூடை வெறுமையாக இருக்காது. மாலையில் பறித்து, நிழலில் பரப்பி, புழு விழுந்ததையும் முற்றியதையும் கழித்துவிட்டு, அளவு வாரியாகப் பிரித்துக் கொண்டு போங்கள்.

ஏழாம் படி: முதல் பருவம் முடிந்ததும் கணக்குப் பாருங்கள்

மண்டியில் கமிஷன், சுமைக்கூலி, கழிவு ஆகியவை போகக் கைக்கு வந்திருக்கும் தொகையை ஒரு பக்கமும், சந்தையில் விற்ற தொகையிலிருந்து வண்டிச் செலவையும் காலை நேர உழைப்புக்கான கூலியையும் விற்காமல் போன காயின் மதிப்பையும் கழித்த தொகையை மறுபக்கமும் எழுதுங்கள். வீட்டுப் பெண்கள் சந்தையில் உட்கார்ந்த நேரத்துக்குக் கூலி போடாத கணக்கு பொய்க் கணக்காகிவிடும். விளைச்சல் அதிகமாகும் நாட்களில் எல்லாவற்றையும் சந்தையிலேயே தள்ள முயலாமல், ஒரு பகுதியை மண்டிக்கோ, விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் உங்கள் வட்டாரத்தில் இயங்கினால் அதற்கோ கொடுக்கலாம். அந்த நிறுவனத்தில் பங்குதாரராகச் சேரும் முன், கடந்த ஆண்டு யாரிடம் என்ன விலைக்கு வாங்கி எங்கே விற்றார்கள் என்று கேட்டு, கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கத் தொகையையும் ஒப்பிட்டு, சந்தைக் கணக்கு மேலே நின்றால் அடுத்த பருவத்தில் இன்னும் இருபது சென்ட்டைச் சேர்க்கலாம். நிற்காவிட்டால் பரப்பைக் கூட்டாமல் பயிரை மாற்றி இன்னொரு பருவம் பாருங்கள்.