பயிர்ப் பாதுகாப்பில் தொழில்நுட்பப் பணிக்குத் தயாராவது எப்படி

பயிர்ப் பாதுகாப்பு வேலை என்றாலே மருந்து விற்பனைதான் என்று நினைத்து ஒதுங்கிவிடும் வேளாண் மாணவர்கள் நிறையப் பேர். வயல் சோதனை, நஞ்செச்ச ஆய்வகம் (விளைபொருளில் தங்கும் மருந்தின் மிச்சத்தை அளப்பது), மருந்துப் பதிவு (விற்பனைக்கு அரசு ஒப்புதல் பெறுவது), பூச்சிகளை அழிக்கும் ஒட்டுண்ணிகளின் உற்பத்தி, தாவரத் தொற்றுத்தடை (வெளியிலிருந்து நோயும் பூச்சியும் நுழையாமல் தடுப்பது), டிரோன் தெளிப்பு என்று இந்தத் துறையில் கிளைகள் பல உண்டு. எந்தக் கிளைக்குப் போனாலும் அடித்தளம் ஒன்றுதான்: செடியைப் பார்த்துக் காரணத்தைச் சரியாகச் சொல்லவும், பூச்சியை எண்ணவும், மருந்தளவைப் பிசகாமல் கணக்கிடவும் தெரிய வேண்டும்.

படிப்பைப் பொறுத்தவரை, இரண்டாண்டு வேளாண் டிப்ளமோ முடித்தவர்கள் டிஎன்பிஎஸ்சி வழியாக உதவி வேளாண்மை அலுவலர் பணிக்கும், இளநிலை வேளாண் பட்டதாரிகள் வேளாண்மை அலுவலர் பணிக்கும் போட்டியிடலாம். ஆராய்ச்சிதான் இலக்கு என்றால் பூச்சியியல், தாவர நோயியல், நூற்புழுவியல் ஆகியவற்றில் ஒன்றில் முதுநிலை அவசியம். வேதியியல் படித்தவர்களுக்கு நஞ்செச்ச ஆய்வகங்களில் இடம் உண்டு. மருந்துக் கடை நடத்துவோருக்கென்றே ஐதராபாத்தில் உள்ள மேனேஜ் என்ற தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனத்தின் ஓராண்டு டேசி (DAESI) டிப்ளமோ இருக்கிறது.

முதலில் நோயறிதல். நெல்லில் கதிர் வெளுத்து நிற்கிறது என்று விவசாயி சொன்னால், அதைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். எளிதாக உருவிக்கொண்டு வந்து, அடியில் கடித்த தடம் இருந்தால் தண்டு துளைப்பான். உருவிக்கொண்டு வராமல், கதிரின் கழுத்து கருத்து அந்த இடத்தில் ஒடிந்து தொங்கினால் கழுத்துக் குலைநோய். முதலாவது பூச்சி, இரண்டாவது பூசணம். இதைப் பிரித்தறியாமல் குலைநோய்க்குப் பூச்சிமருந்து அடித்துப் பணத்தைத் தொலைத்த வயல்கள் ஏராளம். இலை நுனியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் காய்ந்து வந்தால், காய்ந்த பகுதியும் பச்சைப் பகுதியும் சேருமிடத்தில் ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் நிறுத்துங்கள். சில நிமிடங்களில் வெட்டுமுனையிலிருந்து பால்போல ஒரு கசிவு இறங்கினால் அது பாக்டீரியா இலைக்கருகல். பத்து ரூபாய் லென்ஸ்கூட வேண்டாத சோதனை இது. ஆனாலும் செய்து பார்ப்பவர்கள் குறைவு.

அடுத்தது எண்ணிக்கை. பூச்சி இருக்கிறது என்பதற்காக மட்டும் மருந்து அடிப்பதில்லை. பொருளாதார சேதநிலையை, அதாவது மருந்துச் செலவைவிடப் பயிர் இழப்பு அதிகமாகும் பூச்சி எண்ணிக்கையைத் தாண்டினால்தான் அடிக்க வேண்டும். நெல்லின் அடித்தண்டில் சாறு உறிஞ்சும் புகையானுக்கு, அதைத் தின்னும் சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு, அதாவது ஒரு கிளைத்தண்டுக்கு 1 பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 பூச்சி என்பது தமிழ்நாட்டுப் பரிந்துரை. இலைகளை மேலோட்டமாகத் தடவிப் பார்த்தால் புகையான் கண்ணில் படாது. குத்தைச் சாய்த்து, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தூரடியைத் தட்டிப் பார்க்க வேண்டும். வரப்போரம் நின்று எண்ணாமல், வயலுக்குள் குறுக்காக நடந்து குறைந்தது 10 குத்துகளைப் பாருங்கள். செயற்கை பைரித்ராய்டு மருந்துகள் இயற்கை எதிரிகளான சிலந்தியையும் மிரிட் நாவாய்ப் பூச்சியையும் கொன்று புகையானை மறுபடி பெருக வைக்கும். தெளித்துச் சில வாரங்களில் வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்தால், முன்பு என்ன அடித்தார்கள், யூரியா எவ்வளவு போட்டார்கள், 8 அடிக்கு 1 அடி இடைவெளி (பட்டம்) விட்டார்களா என்று கேளுங்கள்.

மருந்தளவுக் கணக்கில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஓர் உதாரணம். நெல் தண்டு துளைப்பானுக்குக் குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்சி என்ற திரவ மருந்து ஹெக்டேருக்கு 150 மில்லி, அதாவது ஏக்கருக்கு 60 மில்லி. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்று வைத்து லிட்டருக்கு 0.3 மில்லி, 16 லிட்டர் டேங்குக்கு 4.8 மில்லி என்று சொல்லி அனுப்புகிறோம். வயலில் தெளிப்பவரோ ஏக்கரை 6 டேங்கில் முடித்துவிடுகிறார். மொத்தம் போனது 29 மில்லிகூட இல்லை, பாதிக்கும் குறைவு. புழு சாகவில்லை, மருந்து போலி என்று பழி. அதோடு, குறைந்த அளவில் தப்பிப் பிழைத்த புழுக்களால் எதிர்ப்புத்திறனும் வளர்கிறது.

இதைத் தவிர்க்கத் தெளிப்பானை அளவீடு செய்ய வேண்டும். 5 சென்ட் நிலத்தை அளந்து குச்சி நடுங்கள். டேங்கில் அளந்த வெறும் தண்ணீரை ஊற்றி, வழக்கமாகத் தெளிப்பவரையே அவருடைய வழக்கமான நடையில் தெளிக்கச் சொல்லுங்கள். மீதியை அளந்து, செலவான நீரை 20-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கான அளவு வந்துவிடும். 5 லிட்டர் செலவானால் ஏக்கருக்கு 100 லிட்டர். அப்படியானால் 16 லிட்டர் டேங்குக்கு 9.6 மில்லி ஊற்ற வேண்டும். நாசில் (தெளிப்பு முனை) தேய்ந்திருந்தால் கணக்கு மாறும் என்பதால் பருவத்துக்கு ஒருமுறையாவது இதைச் செய்யுங்கள். பூச்சி, பூசண மருந்துகளுக்குக் கூம்பு நாசில், களைக்கொல்லிக்குத் தட்டை விசிறி நாசில். களைக்கொல்லி அடித்த டேங்கைப் பயிருக்குப் பயன்படுத்தவே கூடாது.

மருந்துகளைக் கம்பெனிப் பெயரால் மனப்பாடம் செய்யாமல், செயல்முறைக் குழு எண்ணால், அதாவது பூச்சியை எப்படிக் கொல்கிறது என்பதை வைத்துத் தரப்படும் எண்ணால் படியுங்கள். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் இரண்டும் 4ஏ குழு. ஒன்று கேட்காத இடத்தில் மற்றதை மாற்றி அடித்தால் அது மாற்றமே ஆகாது. புகையானுக்கு 9பி குழுவின் பைமெட்ரோசின் போல வேறு குழுவுக்குத்தான் போக வேண்டும்.

கம்பெனி மேம்பாட்டுப் பிரிவிலோ ஆராய்ச்சி நிலையத்திலோ சேர்ந்தால் வயல் சோதனைதான் அன்றாட வேலை. மருந்து தெளிக்காத ஒப்பீட்டுப் பாத்தி கட்டாயம் வேண்டும், ஒவ்வொரு சிகிச்சைக்கும், அதாவது சோதிக்கும் ஒவ்வொரு மருந்தளவுக்கும், குறைந்தது 3 மறுபதிப்புகள் (ஒரே மாதிரி நடத்தும் பாத்திகள்) வேண்டும். தெளிப்புக்கு முந்தைய நாள் ஒரு எண்ணிக்கை, பிறகு 3, 7, 14-ம் நாள்களில் என்று எடுப்பது வழக்கம். ஓர வரிசைகளை எண்ணாதீர்கள். ஒப்பீட்டுப் பாத்தியை வரப்போரம் ஒதுக்குவது அடிக்கடி நடக்கும் தவறு. பக்கத்து வயலின் மருந்துச் சாரல் பட்டு அந்தச் சோதனையே வீணாகும். அன்றைய மழையையும் காற்றையும் அன்றே எழுதி வையுங்கள்.

உயிரியல் கட்டுப்பாட்டில் ஆர்வம் உள்ளவர்களுக்கு நம் மண்ணிலேயே நல்ல பாடங்கள் உண்டு. 2008-ல் கோவைப் பகுதியில் தெரியவந்த பப்பாளி மாவுப்பூச்சியை, 2010-ல் இறக்குமதி செய்து விட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. 2016-ல் பொள்ளாச்சித் தென்னையில் வந்த ரூகோஸ் சுருள் வெள்ளை ஈக்கும் என்கார்சியா ஒட்டுண்ணிதான் முதன்மைத் துணை. பயந்துபோய் மருந்து அடித்தால் அந்த ஒட்டுண்ணியும் சேர்ந்து சாகும். எனவே மஞ்சள் ஒட்டுப்பொறி, அடியோலையில் நீரைப் பீய்ச்சுவது, ஈயின் தேன்கழிவில் இலைமேல் படரும் கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாக் கரைசல் என்றே பரிந்துரை. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையம் இந்தத் துறையில் பயிற்சிக்கு உகந்த இடம்.

நஞ்செச்ச வேலையின் எடையை ஒரு நிகழ்வே காட்டும். ஐரோப்பிய ஒன்றியம் நெல் குலைநோய்க்கு அடிக்கும் டிரைசைக்ளசோல் மருந்தின் எச்சத்துக்கான அனுமதி அளவைக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமாகக் குறைத்தபோது, 2018 முதல் பாஸ்மதி ஏற்றுமதியாளர்கள் திண்டாடினார்கள். அதனால் லேபிளில் உள்ள காத்திருப்புக் காலத்தை (கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாள்களை) விவசாயிக்கு எழுதியே கொடுங்கள். லேபிளில் இல்லாத பயிருக்கு மருந்து பரிந்துரைக்காதீர்கள். 1968-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தை ஒருமுறை முழுதாகப் படித்தால், மருந்துப் பதிவுப் பிரிவு நேர்காணலுக்கும் அது உதவும்.

டிரோன் ஓட்ட 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும், அங்கீகாரம் பெற்ற மையத்தின் பயிற்சிச் சான்றும் வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 10 லிட்டரில் தெளிப்பதால் கரைசல் மிகவும் அடர்த்தியானது. பக்கத்தில் பட்டுப்புழுவுக்கான மல்பெரித் தோட்டமோ மீன் குட்டையோ இருந்தால் காற்றடிக்கும்போது பறக்கவிடாதீர்கள்.

வேலைக்குச் சேரும் முதல் நாளிலேயே நஞ்சேற்றத்தின் அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து உடலில் ஏறினால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், வியர்வையும் எச்சிலும் பெருகும், மூச்சுத் திணறும். உடையைக் கழற்றிச் சோப்பால் கழுவி, தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். மருந்து டப்பாவின் லேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த முறிவு மருந்து தர வேண்டும் என்பதை மருத்துவர் அதைப் பார்த்துத்தான் விரைவாக முடிவு செய்வார்.